தீர்மானப் புத்தகமும் எஃப்.சி. நம்பரும்

பெண்கள் தாமாகத் திரண்டு நடத்திய போராட்டம் ஒன்று எந்தக் கட்டத்தில் அலுவலகமும் சம்பளப் பட்டியலும் ஆண்டறிக்கையும் உடைய தொண்டு நிறுவனமாக மாறுகிறது என்று கேட்டால், வெளிநாட்டுப் பணம் வந்து சேர்ந்த நாளைச் சுட்டிக்காட்டுவதே பெரும்பாலோரின் வழக்கம். நீலகிரி மாவட்டத்தில் கீழ் கோத்தகிரியைச் சுற்றியுள்ள ஊர்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, முதலில் களப்பணியாளராகவும் பிறகு சங்கங்களின் கணக்கெழுதுபவராகவும் இருந்த ஒருவருக்கு அந்த விடை போதுமானதாகத் தோன்றுவதில்லை. பணம் வருவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே, சில இடங்களில் பல ஆண்டுகளுக்கு முன்பே, சங்கத்தின் கணக்கு யார் முன்னால் வாசிக்கப்படுகிறது என்பது மாறிவிடுகிறது. அது மாறிய பின் பணம் வந்தாலும் வராவிட்டாலும் சங்கம் பழைய சங்கமாக இருப்பதில்லை.

இப்பகுதியின் குடியமைப்பைச் சொல்லாமல் இதை விளக்க முடியாது. கீழ் கோத்தகிரி, சோலூர்மட்டம், கரிக்கையூர் என்று சரிந்து இறங்கும் இந்த மலைப்பகுதியில், சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் படுகர்களின் ஹட்டிகள் ஒருபுறமும், எஸ்டேட் லைன் வீடுகள் மற்றொருபுறமும், காட்டோரச் சரிவுகளில் இருளர், குறும்பர் ஊர்களும் அமைந்துள்ளன. எஸ்டேட் லைன்களில் இருப்பவர்களுள் சமவெளியிலிருந்து தலைமுறைகளுக்கு முன் ஏறி வந்தவர்களும் உண்டு, 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டவர்களும் உண்டு. ஹட்டிப் பெண்ணின் குறை, தான் கொழுந்து கிள்ளும் தோட்டத்தின் பட்டாவில் தன் பெயர் இல்லாதது; எஸ்டேட் பெண்ணின் குறை, எடை போடும்போது ஈரத்துக்கென்று கழிக்கப்படும் கிலோவும், 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வாக்களித்த பிள்ளைக் காப்பகம் பெயரளவில் மட்டும் இருப்பதும்; இருளப் பெண்ணின் குறை, விறகுக்கும் தேனுக்கும் போகும் வழியில் மறிக்கும் வனக்காவலரும், குடும்ப அட்டை இல்லாமையும். இந்த மூவரையும் ஒரே பாயில் உட்கார வைத்த விஷயங்கள் அந்நாளில் இரண்டுதான்: குடிநீர், குடி.

1990-இல் மலிவு விலை மது விற்பனைக்கு வந்தபோது, கூலி நாளன்று மாலையில் கடை வாசலில் உட்கார்ந்த பெண்களுக்குச் சங்கம் என்று எதுவும் இருக்கவில்லை. அடுத்த ஆண்டே அந்த மது அரசாணையால் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆனால் உட்கார்ந்தவர்கள் கலைந்து போகவில்லை, குழாய்த் தண்ணீர் கேட்டு ஊட்டிக்குப் போகத் தொடங்கினார்கள். அந்தப் பயணங்களுக்காக வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்த சில்லறையும், அதைக் குறித்து வைத்த நாற்பது பக்க நோட்டும்தான் அவர்களுடைய அமைப்பு முழுவதும். நோட்டில் இருந்த இனங்கள் எளியவை: மனு டைப் அடித்தது, பஸ் கட்டணம், டீ, வெற்றிலை. ஏழாம் வகுப்போ எட்டாம் வகுப்போ படிக்கும் பெண் ஒருத்தி அதை வாசிக்க, சுற்றி உட்கார்ந்தவர்கள் ஒவ்வொரு வரிக்கும் குறுக்கே பேசுவார்கள். பொதுப்பணத்தில் இரண்டாவது டீ குடித்தது யார் என்ற தகராறு அரைமணி நேரம் ஓடியதுண்டு. நகரத்திலிருந்து வந்த விருந்தினர்கள் அதை வெட்டிப் பேச்சு என்று நினைத்து முகம் சுளித்தார்கள். பின்னாளில் பட்டயக் கணக்காளர்களின் தணிக்கைகள் பலவற்றுக்கு உடன் உட்கார்ந்து காகிதம் எடுத்துக் கொடுத்த அனுபவத்தோடு பார்த்தால், அந்த இரண்டாவது டீயின் தணிக்கையே எல்லாவற்றிலும் கடுமையானது என்று சொல்லத் தோன்றுகிறது.

பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற எண்ணம் வெளியிலிருந்து வந்த கேள்விகளால் எழுந்தது. மனுவை வாங்கும் எழுத்தர் எந்தச் சங்கம், பதிவு எண் என்ன என்று கேட்டார். வங்கி மேலாளர் சங்கத்தின் பெயரில் கணக்குத் தொடங்கப் பதிவுச் சான்றும் தீர்மானமும் வேண்டும் என்றார். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். அதற்குச் சங்க விவரணக் குறிப்பும் துணை விதிகளும் எழுதித் தர வேண்டும், ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி வரவு செலவையும் நிர்வாகிகள் பட்டியலையும் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். துணை விதி என்பது சங்கம் எதற்காக இருக்கிறது, யார் உறுப்பினர், யார் காசோலையில் கையெழுத்திடுவது என்பவற்றை வரையறுக்கும் ஆவணம். நடைமுறையில் அதைச் சங்கத்தார் எழுதுவதில்லை. ஏற்கெனவே பதிவான வேறொரு சங்கத்தின் விதிகளைப் பத்திரம் எழுதுபவர் அப்படியே டைப் அடித்துக் கொடுப்பார். அதனால், தண்ணீரும் மதுக்கடையும் தவிர வேறெதுவும் பேசாத ஒரு கூட்டத்தின் குறிக்கோள்களாகத் தையல் பயிற்சி, மரம் நடுதல், பாலர் பள்ளி, முதியோர் நலம் ஆகியவை காகிதத்தில் ஏறின. அப்போது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐந்தாறு ஆண்டுகளில் சங்கம் உண்மையிலேயே தையல் பயிற்சி நடத்திக்கொண்டிருந்தது.

கையொப்பமிடும் ஏழு பேரைத் தேர்ந்தெடுத்த விதம் அதைவிட ஆழமான விளைவை உண்டாக்கியது. கைநாட்டு வைப்பவர் சங்கத் தலைவராக இருப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் அலுவலகத்தில் சிக்கல் வரும், கையெழுத்துப் போடத் தெரிந்தவராகப் பாருங்கள் என்று பத்திரம் எழுதுபவர் சொன்னதை எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள். கடை வாசலில் முதல் வரிசையில் உட்கார்ந்த மூதாட்டி, காவலர் தடியை ஓங்கியபோதும் எழுந்திருக்காதவர், உறுப்பினர் பட்டியலில் பதினோராவது பெயரானார். பத்தாம் வகுப்பு முடித்து மணமாகி வந்திருந்த மருமகள் செயலாளரானார். செயலாளர் கெட்டிக்காரர், நாணயமானவர், பின்னாளில் ஊருக்கு நிறையச் செய்தவர். இருந்தாலும் கூட்டத்தில் முடிவு சொல்லும் குரல் இடம் மாறியது அந்த ஒரு பிற்பகலில்தான்.

பதிவே வேண்டாம் என்பது இதன் பொருளாகாது. அகமதாபாத்தில் சேவா அமைப்பு 1972-இல் தொழிற்சங்கமாகப் பதிவு செய்யப் போனபோது, முதலாளி என்று ஒருவர் இல்லாதவர்கள் யாரை எதிர்த்துச் சங்கம் வைப்பார்கள் என்று பதிவுத் துறை தடை சொன்னது. அதன் நிறுவனர் இலா பட்டும் உடனிருந்தவர்களும் விடாமல் வாதாடிப் பதிவைப் பெற்றதால்தான் தலைச்சுமைப் பெண்களும் வீட்டிலிருந்து தைப்பவர்களும் தொழிலாளர்கள் என்ற கருத்தே சட்டத்துக்குள் நுழைந்தது. சென்னையில் ஜெயா அருணாசலம் 1978-இல் தொடங்கிய உழைக்கும் பெண்கள் மன்றம், குடிசைப் பகுதிப் பெண்களுக்கு நாட்டுடைமை வங்கிகளில் கடன் வாங்கித் தர முயன்று, வங்கிகளோடு பட்ட பாட்டுக்குப் பிறகு 1981-இல் தனக்கென்று கூட்டுறவு அமைப்பை உண்டாக்கிக்கொண்டது. அவ்விரண்டு இடத்திலும் எந்த வடிவில் பதிவு செய்வது என்று அவர்களே தேர்ந்தார்கள். கோத்தகிரி மலையில் அந்தத் தேர்வு பத்திரம் எழுதுபவரிடம் விடப்பட்டது.

அடுத்த கட்டம் எஃப்.சி. நம்பர். களத்தில் எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள். அயல்நாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 1976-இல் நெருக்கடி நிலைக் காலத்தில் வந்தது. 1984-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, உள்துறை அமைச்சகத்தில் பதிவு எண் பெற்ற அமைப்பு மட்டுமே, குறிப்பிட்ட ஒரே வங்கிக் கணக்கின் வழியாக வெளிநாட்டுப் பணத்தைப் பெறலாம் என்றாயிற்று. மலைச் சரிவில் உள்ள சிறு சங்கத்துக்கு அந்த எண் கிடைப்பது அரிது. எனவே எண் வைத்திருக்கும் பெரிய நிறுவனம், பெரும்பாலும் சமவெளி நகரம் ஒன்றில் இருப்பது, ஜெர்மனி, நெதர்லாந்து போன்ற நாடுகளின் திருச்சபை சார்ந்த நிதியமைப்புகளிடமிருந்து பணம் பெற்று, அதில் ஒரு பகுதியைச் சிறு சங்கங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் முறை உருவானது. சங்கத்தின் நோட்டு இப்போது மாதம் ஒருமுறை பஸ் ஏறிக் கீழே போனது. ஹட்டியில் வாசிப்பதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. வவுச்சர்களை மாத முடிவுக்குள் அனுப்ப வேண்டியிருந்ததால் வாசிக்க நேரமில்லாமல் போனது, அவ்வளவுதான்.

பணம் கேட்டு எழுதும் விண்ணப்பத்துக்குப் புரொபோசல் என்று பெயர். அதன் இதயம் லாக் ஃபிரேம் எனப்படும் ஒரு கட்டம்: குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்ட ஒரு பக்கத்தில், இந்தச் செயலைச் செய்தால் இந்த விளைவு, அந்த விளைவை அளக்க இந்த அளவுகோல், அதை மெய்ப்பிக்க இந்தச் சான்று என்று நிரப்ப வேண்டும். அமெரிக்க அரசின் உதவி முகமைக்காக 1960-களின் இறுதியில் வகுக்கப்பட்ட இந்தக் கட்டம், அணை கட்டுவதற்கும் சாலை போடுவதற்கும் ஒருவேளை பொருந்தலாம். பெண்கள் சொன்னது மதுக்கடையை மூட வேண்டும் என்பது. கட்டத்தில் அது எழுத வராது. மூடுவது அரசின் கையில் இருக்கிறது, மூன்று ஆண்டுத் திட்டத்துக்குள் நடக்கும் என்று உறுதி சொல்ல முடியாது, போராட்டம் என்ற சொல்லே நிதியமைப்பைத் தயங்க வைக்கும். ஆகவே அது, மதுவின் தீமைகள் குறித்து விழிப்புணர்வு பெற்ற பெண்களின் எண்ணிக்கை என்றானது. விழிப்புணர்வு தங்களுக்கு எதற்கு, ஊரில் குடிக்கிற ஆண்களுக்கல்லவா வேண்டும் என்று ஓர் இருளப் பெண் கூட்டத்தில் கேட்டபோது, பதில் சொல்ல யாராலும் முடியவில்லை. ஆயினும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கப்பட்டது, ஒளிப்படம் எடுக்கப்பட்டது, அறிக்கை போனது, அடுத்த தவணை வந்தது.

போராட்டம் பற்றிய அந்தத் தயக்கத்துக்குச் சட்டமும் காரணம் தந்தது. பழைய அயல்நாட்டு நன்கொடைச் சட்டத்தின் இடத்தில் 2010-இல் புதிய சட்டம் இயற்றப்பட்டு அடுத்த ஆண்டு விதிகள் வந்தபோது, பொதுக் காரியத்துக்காகவே ஆனாலும் பந்த், ஹர்த்தால், சாலை மறியல், ரயில் மறியல், சிறை நிரப்பும் போராட்டம் ஆகியவற்றை வழக்கமாக நடத்தும் அமைப்பை அரசியல் தன்மை உடையது என்று அறிவிக்க விதிகள் இடம் கொடுத்தன. அப்படி அறிவிக்கப்பட்டால் வெளிநாட்டுப் பணம் பெற முடியாது. அரசியல் நோக்கம் இல்லாமல் பொதுநலனுக்காகப் போராடும் அமைப்புகளுக்கு இது பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் தெளிவுபடுத்தியது. இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில், குடத்தைச் சாலையில் வைத்து மறியல் செய்வதே தெரிந்த மொழியாக இருந்த பெண்களுக்கு, அதைச் செய்தால் எஃப்.சி. போய்விடும் என்று சொல்வது சங்க அலுவலரின் வேலையாக இருந்தது. போலீஸ் வந்து தடுத்த காலம் போய்ச் சங்கமே தடுக்கும் காலம் வந்ததாக ஹட்டியில் பேசிக்கொண்டார்கள்.

அரசே நன்கொடையாளராக வந்தது இதற்கிடையில் நடந்த பெரிய மாற்றம். எண்ணிக்கையில் பார்த்தால் வெளிநாட்டுப் பணத்தைவிட இதன் வீச்சே அதிகம். பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் 1989-இல் தருமபுரியில் தொடங்கிய திட்டம், 1990-களின் இறுதியில் மகளிர் திட்டம் என்ற பெயரில் மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் அதை நடத்த, தொண்டு நிறுவனங்கள் குழு அமைக்கும் பொறுப்பை ஏற்றன. பன்னிரண்டு முதல் இருபது பேர் கொண்ட குழு, வாரக் கூட்டம், சேமிப்பு, உள்கடன், குழுவை நடத்த ஊக்குநர் ஒருவரும் பிரதிநிதிகளும், ஆறு மாதம் கழித்துத் தர மதிப்பீடு, தேறினால் சுழல் நிதி, பிறகு வங்கிக் கடன் என்பது அதன் ஒழுங்கு. இதனால் விளைந்த நன்மையைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. கந்துவட்டிக்கும் எஸ்டேட் முன்பணத்துக்கும் கட்டுப்பட்டிருந்த வீடுகளில், நூற்றுக்கு இரண்டு வட்டியில் குழுவிலேயே கடன் கிடைத்தது பிரசவத்தையும் பள்ளிக் கட்டணத்தையும் காப்பாற்றியது. பச்சைத் தேயிலையின் விலை புத்தாயிரத்தின் தொடக்கத்தில் சரிந்து, சிறு தோட்டக்காரர்கள் கொழுந்து பறிக்கும் கூலிக்குக்கூடக் கட்டாது என்று தோட்டத்தை அப்படியே விட்ட ஆண்டுகளில், பல ஹட்டிகளில் அடுப்பெரிந்தது குழுக் கடனால்தான்.

ஆனால் ஊரையே ஒன்றாக உட்கார வைத்த கூட்டம் இப்போது பதினைந்து பதினைந்து பேராகப் பிரிந்தது. ஒழுங்காகத் திருப்பிச் செலுத்தக் கூடியவர்களே ஒரு குழுவில் சேர்ந்தார்கள். பருவத்துக்குத் தேன் எடுக்கவும் மிளகு பறிக்கவும் இடம்பெயரும் இருளப் பெண்கள் வாரக் கூட்டத்துக்கு வர முடியாததால் தவறியவர்களாகக் குறிக்கப்பட்டு, பிறகு குழுவில் இல்லாமலே போனார்கள். கணவன் அடித்த செய்தி கூட்டத்தில் எழுந்தால், தவணை வாங்கி முடித்துப் பேசலாம் என்று ஊக்குநர் சொல்ல வேண்டியிருந்தது. தவணை முடிய இருட்டிவிடும், காட்டெருமை நடமாடும் பாதை என்பதால் எல்லாரும் கிளம்பிவிடுவார்கள். கடன் குழு பெண்ணுரிமைச் சங்கத்தை எதிர்த்து நிற்கவில்லை. அதே பெண்களின் அதே மாலை நேரத்தை எடுத்துக்கொண்டது.

குடும்ப வன்முறைப் பணியில் இந்த மாற்றம் இன்னும் கூர்மையாகத் தெரிந்தது. பழைய சங்கம் அடிபட்ட பெண்ணின் வீட்டு முன்னால் போய் நின்றுவிடும். சாதிப் பெரியவர்களிடம் சண்டை போடும். தேவையானால் பெண்ணை ஒரு மாதம் யாராவது வீட்டில் வைத்துக்கொள்ளும். தமிழ்நாட்டில் 1992-இல் அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் வரத் தொடங்கின, குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. இவை பெண்களுக்குக் கையில் பிடிக்க ஏதோ ஒன்றைக் கொடுத்தன என்பதில் ஐயமில்லை. அவற்றோடு நிதி பெற்ற ஆலோசனை மையங்களும் வந்தன. மையத்துக்கு ஆலோசகர் வேண்டும், ஆலோசகருக்குப் பட்டம் வேண்டும், பதிவேட்டில் மாதத்துக்கு இத்தனை கேஸ் வேண்டும். சமரசம் ஆன கேஸ் அறிக்கையில் வெற்றி, நீதிமன்றம் போனது நிலுவை. இதை எழுதுபவர் நிரப்பிய படிவங்களில், சமரசமாகித் திரும்பிப் போன பெண் மறுபடி அடிபட்டு வந்தால் புதிய கேஸாகவே பதிவு செய்யும்படி இருந்தது. ஆண்டு முடிவில் ஒரே பெண் இரண்டு வெற்றியாக எண்ணப்படக் கூடும்.

சம்பளம் உறவுகளை மாற்றிய விதம் பற்றி அறிக்கைகளில் எழுதப்படுவதில்லை. லைன் வீட்டில் பிறந்து கொழுந்து பறித்துக்கொண்டிருந்த இளம்பெண் களப்பணியாளராகச் சேர்ந்தால், எஸ்டேட் கூலியைவிடச் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும். கைப்பை, அடையாள அட்டை, பயிற்சிக்கு மதுரைக்கும் சென்னைக்கும் போய்வரும் வாய்ப்பு. அவளுக்கு அது உண்மையான விடுதலை. அதே சமயம், நேற்றுவரை அக்கா என்று கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் மேடம் என்று சொல்லத் தொடங்குவார்கள், கூட்டத்துக்கு வந்தால் எங்களுக்கு என்ன தருவீர்கள் என்று கேட்பார்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு செய்யும் வேலைக்குத் தாங்கள் ஏன் சும்மா வர வேண்டும் என்ற அந்தக் கேள்வி நியாயமானது. அதைப் பேராசை என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டவர்கள் தம் சம்பளத்தை மறந்துவிட்டார்கள்.

வேறு வழியில் முயன்றவர்களும் உண்டு. 1974-இல் தமிழ்நாட்டில் அமைந்த ஜனநாயக மாதர் சங்கம், பின்னர் 1981-இல் உருவான அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கத்தின் ஒரு பகுதியாகி, வெளிநாட்டு நிதி வாங்குவதில்லை என்ற நிலையில் உறுப்பினர் சந்தாவைக் கொண்டே இயங்குகிறது. 1992 ஜூன் 20 அன்று வாச்சாத்தியில் பழங்குடி மக்களுக்கு நடந்த கொடுமைக்கு இடதுசாரி இயக்கங்களும் பழங்குடிச் சங்கமும் இவ்வமைப்பும் விடாமல் வழக்காடியதன் முடிவு 2011-இல் விசாரணை நீதிமன்றத்திலும் 2023 செப்டம்பரில் உயர் நீதிமன்றத்திலும் கிடைத்தது. மூன்றாண்டுத் திட்டம் எதுவும் முப்பத்தோர் ஆண்டு வழக்கைத் தாங்காது. ஆனால் சந்தாவில் இயங்கும் அமைப்புக்குப் பின்னால் கட்சி ஒன்று இருக்கிறது. கட்சி வேர்விடாத ஹட்டியிலும் பழங்குடி ஊர்களான பதிகளிலும் அந்த முறை எளிதில் ஊன்றுவதில்லை.

இதே நீலகிரியின் மேற்குப் பகுதியில், கூடலூரில் நடந்த முயற்சி இதனினும் நுட்பமானது. 1980-களின் நடுவில் ஸ்டான், மாரி தேக்கேக்கரா தம்பதியினர் தொடங்கிய அக்கார்டு என்ற நிறுவனம், நிதி பெறுவதையும் கணக்குக் காட்டுவதையும் தன்னிடம் வைத்துக்கொண்டு, நில உரிமைக்காகப் போராடும் ஆதிவாசி முன்னேற்றச் சங்கத்தைத் தனியாக, ஆதிவாசிகளின் கையில் விட்டது. 1988 டிசம்பர் 5 அன்று கூடலூரில் ஆயிரக்கணக்கான ஆதிவாசிகள் திரண்டு நடந்த ஊர்வலம் சங்கத்தின் ஊர்வலமாகவே நடந்தது. பணப்பையும் கொடியும் ஒரே கையில் இருக்கக் கூடாது என்பது இந்த ஏற்பாட்டின் பொருள். அது மகளிர் அமைப்பாகத் தொடங்கியதன்று. எனினும் கோத்தகிரிப் பகுதியின் மகளிர் சங்கங்கள் சில இதைப் பார்த்து, சங்கம் தனி, அறக்கட்டளை தனி என்று இரண்டாகப் பிரித்தன. பிரித்தால் மட்டும் போதாது என்று பிறகு தெரிந்தது. அறக்கட்டளையிடம் ஜீப்பும் கட்டடமும் கணினியும் இருக்க, சங்கத்திடம் பாயும் நோட்டும் இருந்தால், கூட்டம் எங்கே நடக்க வேண்டும் என்பதை ஜீப்தான் தீர்மானிக்கும்.

நிதியே இல்லாமலும் ஓர் இயக்கம் சிதறிப் போகக் கூடும் என்பதற்கு மூணாறு சான்று. 2015 செப்டம்பரில் கண்ணன் தேவன் தோட்டங்களின் பெண் தொழிலாளர்கள், அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தமிழர்கள், இருபது விழுக்காடாக இருந்த போனஸ் பத்தாகக் குறைக்கப்பட்டதை எதிர்த்து, தொழிற்சங்கத் தலைவர்கள் எவரையும் அருகில் சேர்க்காமல் சாலையில் உட்கார்ந்தார்கள். ஒன்பது நாளில் போனஸ் கோரிக்கை நிறைவேறியது. அந்தக் காட்சிகள் கைப்பேசி வழியாகக் கீழ் கோத்தகிரி எஸ்டேட் லைன்களுக்கும் வந்தன, கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பெண்கள் பார்த்தார்கள். பெண்கள் ஒற்றுமை என்ற பொருளில் பெம்பிளை ஒருமை என்று பெயர் பெற்ற அந்தத் திரள், அடுத்த சில மாதங்களிலேயே உள்ளாட்சித் தேர்தல், தலைமைப் போட்டி, தனிச் சங்கமா பழைய சங்கங்களோடு இணைவதா என்ற கேள்வி ஆகியவற்றில் பிளந்தது. நாளொன்றுக்கு 232 ரூபாயாக இருந்த கூலி 301 ஆனது, கேட்ட 500 ஆகவில்லை. அங்கே எந்த நன்கொடையாளரும் இல்லை. ஒன்பது நாள் ஒற்றுமையை ஒன்பது ஆண்டுக்கு நீட்டிக்க ஏதோ ஒரு வடிவம் வேண்டும் என்ற நெருக்கடி மட்டும் இருந்தது. கையில் கிடைத்த வடிவங்கள் எல்லாம் பிறர் செய்து வைத்தவை.

நன்கொடையின் பருவங்கள் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1995-இல் பெய்ஜிங் உலக மகளிர் மாநாட்டுக்குப் பிறகு உரிமை என்ற சொல்லுக்குப் பணம் கிடைத்தது. பிறகு உள்ளாட்சியில் பெண்கள், பிறகு எய்ட்ஸ், பிறகு குறுங்கடன். 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது நிதியமைப்புகளின் கவனம் கடலோரத்துக்குப் போனது, அவர்கள்மேல் குறை சொல்ல இடமில்லை, மலையில் ஓடிக்கொண்டிருந்த திட்டங்கள் மட்டும் புதுப்பிக்கப்படாமல் முடிந்தன. ஒவ்வொரு பருவத்துக்கும் சங்கத்தின் பெயர்ப்பலகைக்குக் கீழே ஒரு வரி கூடியது.

2020 செப்டம்பரில் வந்த அயல்நாட்டு நன்கொடைச் சட்டத் திருத்தம், பெரிய நிறுவனம் பணம் பெற்றுப் பிரித்துக் கொடுக்கும் ஏற்பாடு முழுவதையும் குலைத்தது. வெளிநாட்டுப் பணம் பெற்ற நிறுவனம் அதை வேறொரு நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுக்கக் கூடாது. எல்லாரும் புதுதில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் ஒரே கிளையில்தான் கணக்குத் தொடங்க வேண்டும். நிர்வாகச் செலவுக்கான வரம்பு ஐம்பது விழுக்காட்டிலிருந்து இருபதாகக் குறைந்தது. நிர்வாகச் செலவு என்பது கணக்காளர் சம்பளம், அலுவலக வாடகை, எழுதுபொருள் போன்றவை. காகிதம் அதிகமாகக் கேட்கும் சட்டமே காகிதத்துக்கான பணத்தைக் குறைத்தது என்பது கணக்கெழுதுபவர்களுக்கு மட்டுமே புரியும் வேடிக்கை. பெரிய நிறுவனத்தின் எண்ணை நம்பியிருந்த சிறு சங்கங்களுக்கு வந்துகொண்டிருந்த நீரோட்டம் ஒரே நாளில் நின்றது. 2014 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள நிறுவனச் சட்டத்தின்படி பெரிய கம்பெனிகள் இலாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும், அங்கே கேட்டுப் பாருங்கள் என்று சிலர் வழி சொன்னார்கள். கழிப்பறைக்கும் தையல் இயந்திரத்துக்கும் அந்தப் பணம் கிடைக்கிறது. கூலியையும் நிலப்பட்டாவையும் பற்றிப் பேசும் சங்கத்துக்குக் கம்பெனி ஏன் பணம் தர வேண்டும் என்று கேட்டால் தக்க பதில் இல்லை.

அதன்பின் சங்கங்கள் போன வழிகள் பல. சில, பெரிய நிறுவனத்தின் கிளையாகக் கரைந்தன, அவற்றின் ஊழியர்கள் அங்கே சம்பளப் பட்டியலுக்கு மாறினார்கள். சில, வணிகத்தின் பக்கம் திரும்பின. கோத்தகிரியில் 1990-களிலிருந்து பழங்குடிகளோடு தேன், காட்டு விளைபொருள் ஆகியவற்றில் பணியாற்றும் கீஸ்டோன் அறக்கட்டளையின் முயற்சியிலிருந்து தனித்து வளர்ந்து, பழங்குடிகளே பங்குதாரர்களாக 2013-இல் பதிவான ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம் இதற்கு முன்மாதிரியாக இருந்தது. 2021-இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் விருதும் அதற்குக் கிடைத்தது. தேன் விற்கும் நிறுவனம் குடும்ப வன்முறையை எப்படிக் கையாளும் என்பது வேறு கேள்வி. அதற்காக அது தொடங்கப்படவும் இல்லை.

எஞ்சியவை பதிவைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டன. ஆண்டறிக்கை அனுப்பாததற்கான தாமதக் கட்டணம் சங்கத்தின் கையிருப்பைவிடக் கூடிப் போன பிறகு, ஊட்டிக்குப் போய்வரும் பஸ் செலவை யார் தருவது என்பதே முடிவைத் தீர்த்தது. அவற்றின் பெண்களைப் பின்னர்க் கிராம சபையில் காண முடிந்தது. 2017-இல் நெடுஞ்சாலையிலிருந்து அகற்றப்பட்ட டாஸ்மாக் கடைகள் குடியிருப்புகளுக்குள் வந்தபோது தமிழ்நாடெங்கும் பெண்கள் தெருவில் இறங்கியது போலவே இங்கும் இறங்கினார்கள். மூத்தவர்கள் பலருக்கு முழங்கால் விட்டுப்போயிருந்தது, மருமகள்கள் வந்தார்கள். கிராம சபைக்கு வருபவர்களிடம் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது: நூறு நாள் வேலையின் கணக்கையும் குடிநீர்க் குழாய் பதித்த செலவையும் ஊராட்சிச் செயலாளர் மொத்தத் தொகையாக வாசித்து முடிக்கும்போது, வவுச்சரை எடுங்கள், தேதி சொல்லுங்கள், யார் கையெழுத்து என்று கேட்கிறார்கள். வேலைக்கு வந்தவர்களின் பட்டியலான மஸ்டர் ரோலில் இறந்தவர் பெயர் இருக்கிறதா என்று வரி வரியாக விரல் வைத்துப் பார்க்கிறார்கள். நன்கொடை நிறுவனங்கள் நடத்திய கணக்குப் பயிற்சி முகாம்களில், மதியச் சாப்பாட்டுக்காகவே வந்தார்கள் என்று அந்நாளில் கேலி பேசப்பட்டவர்கள் இவர்களுள் பாதிப்பேர். கடந்த சில ஆண்டுகளாகச் செயலாளர் வவுச்சர் கட்டை முன்கூட்டியே பையில் எடுத்துக்கொண்டு வருகிறார்.